ஆலைக்கு ஆலை மாறும் கழிவு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் பழக் கொள்முதல் மென்பொருள் எழுதுவது என் வேலை. எடை, கழிவு (அழுகல், காய்க்காக எடையில் குறைப்பது), விலை, பட்டுவாடா எல்லாம் அதற்குள் தனித்தனிச் சேவைகள், அதாவது தனித்தனியாக இயங்கும் சிறு நிரல்கள். இப்படிப் பிரித்துவிட்டால் ஆலைக்கு ஆலை மாறும் வழக்கங்களைத் தனித்தனியாகச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பலரும் நம்புகிறார்கள். நடைமுறையில் அப்படி அமைவதில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலையில் லோடுக்கு இத்தனை சதவீதம் என்று மொத்தமாகக் கழிவு பிடிப்பார்கள். பர்கூர் பக்கம் இன்னொன்றில் அழுகலையும் காயையும் பொறுக்கித் தனியே எடை போட்டுக் கழிப்பார்கள். பார்த்தால் கழிவுச் சேவைக்குள் ஒரு சின்னத் தேர்வு, அவ்வளவுதான். ஆனால் பொறுக்குவதென்றால் இரண்டாவது எடைச்சீட்டு வேண்டும். அது எடைச் சேவையின் பொறுப்பு. அந்தச் சீட்டு வரும்வரை பணம் போகக்கூடாது. அது பட்டுவாடாவின் பொறுப்பு. ஒரே முடிவு மூன்று சேவைகளில் சிதறிக் கிடக்கிறது. நிரலை மட்டும் படிக்கிறவருக்கு இந்த மூன்றும் ஒன்று என்று தெரியவே தெரியாது.

அதனால் வேறுபாடுகளுக்கென்று தனிப் படம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அம்சமும் அதில் ஒரு மரக்கிளை மாதிரி: கட்டாயம், விருப்பம், இரண்டில் ஒன்று. அப்புறம் ‘இது இருந்தால் அது வேண்டும்’, ‘இது இருந்தால் அது கூடாது’. 1990-ல் கியோ காங்கும் சகாக்களும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஃபோடா (FODA, ஒரு துறையின் மென்பொருள்களை அம்சம் அம்சமாக அலசும் முறை) அறிக்கையிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு கிளையிலும் அது தொடும் சேவைகளின் பெயரையும் எழுதிவிடுவோம். பத்து விருப்பங்கள் இருந்தாலே 1024 சேர்க்கைகள்; ‘கூடாது’ கோடுகள் இல்லாவிட்டால் எதைச் சோதிப்பது?

என்னைக் கேட்டால், எது மாறும் என்பதைவிட எப்போது முடிவாகிறது என்பதுதான் பெரிய கேள்வி. எடைமேடைக் கருவியின் வகை, நிறுவும்போதே முடிவாகிவிடும். கழிவு முறை, சீசனுக்கு முன்னால். பெங்களூரா ரக மாம்பழத்தின் விலையோ மதியத்துக்குள்ளேயே மாறலாம். எல்லாவற்றையும் மென்பொருள் ஓடும்போதே மாற்றும்படி வைப்பது எங்களுக்குச் சுலபம். ஓர் ஆலை மேலாளர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, விலையை நான் மாத்திக்கிறேன். கழிவை நடுவுல யாரும் தொடாதபடி பண்ணிடுங்க. வாசல்ல லாரி வரிசையா நிக்கும், விவசாயி கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?”

இப்போது சீசனின் முதல் லாரிக்கு வரிசை டோக்கன் போட்டதும் கழிவு முறை பூட்டிக்கொள்ளும். விலை மட்டும் திறந்திருக்கிறது. அதிலும் டோக்கன் போட்ட நேரத்து விலையா, எடை போட்ட நேரத்து விலையா என்பது ஆலைக்கு ஆலை வேறு. படத்தில் அடுத்துப் போட வேண்டிய கிளை அதுதான்.