45-ஆம் நாள் ஊசியும் தாய்ப்பாலும்

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் அன்றே கருத்தடை ஊசியும் போட்டுக்கொண்டு போகும் தாய்மார்கள் நிறையப் பேர். பிள்ளைக்குத் தொடையில் பென்டாவேலன்ட் தடுப்பூசி, தாய்க்குக் கையில் அந்தரா என்னும் கருத்தடை ஊசி. அன்று ராத்திரி குழந்தைக்கு உடம்பு சுடும், அழும், மார்பைச் சரியாகப் பிடிக்காது. விடிந்ததும் வீட்டில் பேச்சு கிளம்பும்: "அந்த ஊசி போட்டதுலேருந்துதான் பால் வத்திப்போச்சு." சாயங்காலத்துக்குள் பவுடர் பால் டப்பா வந்துவிடும். டப்பா வந்த பிறகு பால் நிஜமாகவே குறையும். மார்பில் சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும், அவ்வளவுதான்.

பிரசவம் முடிந்தவர்களிடம் கருத்தடை பற்றிப் பேசுவதே வேலையாக இருக்கும் எங்களுக்கு, இந்த ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே பாதி நேரம் போகிறது. ஆறாவது வாரத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து மோதுகின்றன. ஒன்று தடுப்பூசிக் காய்ச்சல், ஓரிரு நாளில் அடங்கிவிடும். இரண்டாவது, குழந்தை திடீரென்று வளரும் பருவம் அது. அரை மணிக்கு ஒரு தரம் கேட்டு அழும். மூன்றாவதுதான் தாய்மார்களை அதிகம் பயமுறுத்துவது. முதல் மாதம் முழுக்கக் கல்லாகக் கட்டிக்கொண்டு, நைட்டி நனையும்படி சொட்டிய மார்பு, இந்தச் சமயத்தில் தளர்ந்து லேசாகிவிடும். குழந்தைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சுரக்க உடம்பு பழகிக்கொண்டதற்கு அடையாளம் அது. ஊசி போடாதவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

அதனால் மார்பைத் தொட்டுப் பார்த்துப் பால் அளக்காதீர்கள். 24 மணி நேரத்தில் குழந்தை 6 தடவைக்கு மேல் சிறுநீர் போகிறதா, நிறம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு தடவை, ஒரே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம், வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறினால் பால் போதுகிறது. எடை நின்றுவிட்டால் டப்பாவை நோக்கி ஓடுவதற்கு முன், குழந்தை வாய் வைக்கும் விதத்தைச் செவிலியரை அருகில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊசியை விட அதுதான் காரணமாக இருப்பது அதிகம்.

ஹார்மோன் என்றாலே பால் குறையும் என்ற பயம் எங்கிருந்தோ முளைத்ததல்ல. மாத்திரைகளில் இரண்டு வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் கலந்தது ஒன்று. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் இந்த வகை. ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது. ஒரு காலத்தில் பாலை நிறுத்துவதற்கென்றே அதைக் கொடுத்தார்கள். பிரசவமான முதல் ஆறு வாரத்தில் இரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம் என்பதால், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அந்த ஆறு வாரம் இந்தக் கலப்பு மாத்திரை அறவே கூடாது. ஆறு மாதம் முடியும்வரையும் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது இரண்டாவது வகை. அந்தரா ஊசியும், 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையும் இதில் சேரும். இது பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கிறது. டெசோஜெஸ்ட்ரல் எடுக்கும் தாயிடம் குடிக்கும் குழந்தைக்குப் போய்ச் சேருவது, குழந்தையின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.01 முதல் 0.05 மைக்ரோகிராம்தான்.

மருந்துக் கடையில் "கருத்தடை மாத்திரை கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் கலப்பு மாத்திரைதான். "பால் கொடுக்கிறேன்" என்ற வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டையில் எத்தினைல் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) என்று இருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

ஊசிக்கு ஏன் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்? நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சரேலென்று இறங்குகிறது. ஊசியில் இருக்கும் புரோஜெஸ்டின் இதைப் போன்ற ஹார்மோன்தான். அந்த இறக்கம்தான் இரண்டாம், மூன்றாம் நாளில் பால் பெருகுவதற்கான சைகை. அந்த நேரத்தில் பெரிய அளவு ஊசி வேண்டாம் என்பது ஒரு கணக்கு. ஆறு வாரத்துக்குள் பிள்ளையும் பால் குடிப்பதில் ஊன்றிவிடும். குறைமாதக் குழந்தை, எடை ஏறாத குழந்தை, முதல் பிரசவத்தில் பால் பற்றாமல் போன தாய் என்றால் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. மூன்று மாதம் உடம்பில் இருக்கும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். சந்தேகம் இருந்தால் இரண்டு மாதம் டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை எடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றே நிறுத்தலாம்.

"பால் குடிக்கிற வரைக்கும் கரு நிக்காது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தால் மட்டுமே உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. பகலில் 4 மணி நேரத்துக்கும் இரவில் 6 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போயிற்று. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். தீட்டே காணாமல் அடுத்தது உண்டாவது அப்படித்தான்.

ஊசி போடும் நாளில் முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தால் போட மாட்டார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளும் சரியாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனை தேவையில்லை, ஊசி உடனே பாதுகாப்பு தரும். புட்டிப்பாலும் சேர்ந்து போகிறது என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடுவார்கள். பிறகு 7 நாள் ஆணுறை வேண்டும். மருந்து 150 மில்லிகிராம், ஒரு மில்லி. குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கி ஏற்ற வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. பிள்ளை பெற்றவள் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து, மூன்று மாதம் தாங்க வேண்டியது தாங்காமல் போகலாம்.

முதல் சில மாதம் இரத்தப்போக்கு ஒழுங்காக இருக்காது. சொட்டுச் சொட்டாகப் பத்து நாள் நீளும், பிறகு ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது. ஒரு வருடம் தொடர்ந்து போடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிலக்கே நின்றிருக்கும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிட்டது என்ற பயம் வேண்டாம். கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இரத்தம் பட்டாலோ, எட்டு நாளுக்கு மேல் பெருக்காகப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தரும் மாத்திரைகள் உண்டு, பால் கொடுப்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது ஊசியைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். முதல் ஊசி குழந்தையின் 6-ஆம் வாரத்தில். அடுத்தது 13 வாரம் கழித்து, அதாவது குழந்தைக்கு 19 வாரம் ஆகும்போது. பிள்ளையின் தடுப்பூசிகளோ 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம். அதோடு விட்டால் 9-ஆம் மாதம்தான். உங்கள் ஊசி நாளில் பிள்ளைக்கு ஊசி கிடையாது, ஞாபகப்படுத்த ஆளும் இல்லை. 14-ஆம் வாரம் போகும்போதே "எனக்கும் போட்டுவிடுங்கள்" என்று கேட்டால் அது ரொம்ப முன்னதாகிவிடும். இரண்டு வாரம் முன்னால் போடலாம், நான்கு வாரம் பின்னாலும் போடலாம், அதற்குமேல் போனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான். தாய் சேய் நல அட்டையில் பிள்ளையின் தேதிகளுக்குக் கீழே உங்கள் தேதியையும் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை 28 நாளும் இடைவெளி இல்லாமல் போட வேண்டியது. அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டுவிட்டு, இரண்டு நாள் ஆணுறை. காச நோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமஸெபினோ எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கு ஊசி நல்லது.

ஹார்மோனே வேண்டாம் என்றால் சாயா மாத்திரை இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, 30 மில்லிகிராம், முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பாலைப் பாதிக்காது. கருப்பையில் வைக்கும் காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், விட்டால் ஆறு வாரம் கழித்து.

கோவில் திருவிழாவுக்கோ விசேஷத்துக்கோ நாள் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரை கருத்தடை அல்ல. அதை நம்பி ஊசியை விட்டவர்கள் உண்டு.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும் என்பதற்காகத்தான் ஊசி என்றால், நிறுத்தும் தேதியையும் இப்போதே யோசித்து வையுங்கள். கடைசி ஊசியிலிருந்து கரு தரிக்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் பிடிக்கும். பிள்ளைக்கு இரண்டரை வயதாகும்போது அடுத்தது உண்டானால் போதும் என்பவர், கடைசி ஊசியை அதன் இரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.