நீலக் கண்ணும் பழுப்புக் கண்ணும்: கோலிக் குட்டியின் கண் பரிசோதனை

எங்கள் ரஃப் கோலி இனப் பெண் நாய் ஈன்றதில் ஒரு பெண் குட்டிக்கு ஒரு கண் பழுப்பு, இன்னொன்று நீலம். வந்தவர்கள் எல்லாரும் "நீலக் கண்ணில் பார்வை இருக்கிறதா?" என்றுதான் கேட்டார்கள். மெர்ல் நிறக் (நிறம் திட்டுத்திட்டாக வெளிறியிருக்கும்) குட்டிகளுக்கு அப்படி அமைவது சகஜம், நீலமாக இருப்பதால் மட்டும் பார்வை கெடாது. தாய், தகப்பன் இரண்டுமே மெர்லாக இருந்து இரண்டு பக்கத்து மெர்ல் மரபணுவும் சேர்ந்தால்தான் பெரிய ஆபத்து. கண் சிறுத்துப்போகலாம், காதும் கேட்காமல் போகலாம். இவளுடைய தகப்பன் மூவண்ண நாய், மெர்ல் அல்ல.

எனக்கிருந்த பயம் வேறு. விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்ப் படலம் பிறவியிலேயே சரியாக வளராத குறை கோலிகளிடம் அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு நிறமி படிந்து லேசான குறையை மூடிவிடலாம், மரபணுவிலுள்ள கோளாறு அப்படியே இருக்கும். அதனால்தான் வளர்ந்த நாய்க்குக் கொடுக்கும் 'நார்மல்' சான்றிதழை மட்டும் நான் நம்புவதில்லை.

கால்நடைக் கண் மருத்துவர் பாவை விரிய சொட்டு மருந்து விட்டு, சற்று நேரம் கழித்து இருட்டறையில் தலைவிளக்கும் லென்ஸுமாகப் பார்த்தார். மயக்க மருந்து தேவைப்படவில்லை. தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டேன். பழுப்புக் கண்ணில், பார்வை நரம்பு விழித்திரையோடு சேரும் வட்டுக்குப் பக்கத்தில் வெளிறிய திட்டு, அந்தக் குறையின் அடையாளம். யாருமே சந்தேகப்படாத கண்! நீலக் கண்ணை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் உட்புறத்திலும் நிறமி குறைவு என்பதால் ரத்தக்குழாய்கள் இயல்பாகவே வெளியே தெரிகின்றன. குறை எது, நிறம் எது என்று பிரிப்பது கஷ்டம். நரம்பருகே குழியோ, விழித்திரை விலகலோ இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. லேசான திட்டு மட்டும் என்றால் பார்வைக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. இதற்கு மருந்தும் கிடையாது.

உறுதி செய்ய மரபணுச் சோதனை. என்எச்இஜே1 என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதே இந்தக் குறைக்குக் காரணம் என்று 2007-ல் கண்டறிந்தார்கள். குட்டியைத் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்துவைத்து, வாயைச் சுத்தம் செய்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினோம். பால் குடித்த கையோடு எடுத்தால் தாயின் செல்களும் கலந்துவிடும்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் குறை என்று முடிவு வந்தது. அப்படியென்றால் எங்கள் தாய் நாயிடமும் ஒன்றாவது இருக்கிறது, அந்த ஆண் நாயிடமும் இருக்கிறது. அதன் உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிட்டேன். இந்த ஜோடியை இனிச் சேர்க்கமாட்டோம். அடுத்த முறை, சோதனையில் இரண்டு பிரதியும் சுத்தம் என்று வந்த ஆண் நாய் மட்டும்தான். இந்த ஈற்றுக் குட்டிகளைக் கொடுக்கும்போது கண் அறிக்கையின் நகலையும் சேர்த்தே கொடுக்கிறோம்.