கூடையில் பாதி பச்சை

மடகாஸ்கரில் ஒரு நிறுவனத்துக்கு வனிலா வாங்கும் வேலையில் இருந்தபோது, அன்டலாஹா பக்கத்துச் சந்தையில் ஒரு பெரியவரின் வனிலாக் கூடையைத் திருப்பி அனுப்பியது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். யாரும் கேட்காமலே சொல்வேன், அதுதான் இடிக்கிறது.

பாதிக் காய்களுக்கு மேல் நுனி மஞ்சளாகவில்லை. முற்றியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எடுத்தால் மொத்தமாக எடுங்கள் என்றார். அவர் மலகாசியில் சொன்னதை எங்கள் கிடங்கு மேஸ்திரி எனக்குப் பிரெஞ்சில் சொன்னார்.

"இன்னும் சில வாரம் கொடியிலேயே விட்டிருக்கலாமே ஐயா?"

"விட்டிருந்தால் முற்றியிருக்கும். என்னிடம் இருந்திருக்காது."

அது 2018. முந்தைய ஆண்டு மார்ச்சில் எனாவோ புயல் அந்தக் கரையைத்தான் அடித்தது. பதப்படுத்திய வனிலா கிலோ 600 டாலரைத் தொட்டிருந்தது, வெள்ளியைவிட அதிகம். தோட்டங்களில் ராத்திரி முழுக்கக் கத்தியோடு காவல். காயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சைத் தோலில் புள்ளி புள்ளியாக அவர் பெயரின் முதலெழுத்துகள். தக்கையில் ஊசிகளைச் செருகி, காய் கொடியில் இருக்கும்போதே குத்திவிடுவார்கள். காய் கறுத்து உலர்ந்தாலும் தழும்பு போகாது. திருட்டுப் போனால் அடையாளம் காட்டலாம். காட்டுவதற்குத் திருடன் அகப்பட வேண்டும், அது வேறு கதை.

என் பக்கத்து நியாயமும் சின்னதில்லை. பூவில் மகரந்தம் சேர்த்து ஒன்பது மாதமானால்தான் காய் முற்றும். முன்னாலேயே பறித்தால் வாசனை ஏறாது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, மாதக்கணக்கில் வெயில் காட்டினாலும் வைக்கோல் நாற்றம்தான் வரும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். அதற்குத் தரம் என்று கையெழுத்துப் போடுவது நான். தரம் கெட்டால் வெளிநாட்டுக்காரன் செயற்கை வனிலினுக்குப் போய்விடுவான், கடைசியில் அடி விவசாயிக்குத்தான்.

இதை அவரிடம் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். 2000இல் ஹூடா புயல், பிறகு ஏறிய விலை, 2004க்குப் பிறகு 50 டாலருக்கும் கீழே சரிந்தது, எல்லாம் பார்த்த வயசு அவருக்கு. நான் ஏட்டில் படித்தவன். போதாததற்கு என்னைக் கரானா என்று நினைத்திருப்பார். தலைமுறைகளுக்கு முன் குஜராத்திலிருந்து வந்து வியாபாரம் செய்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் வெறும் சம்பளக்காரன் என்று விளக்கி என்ன ஆகப்போகிறது?

வனிலாவின் சரித்திரமே இப்படித்தானோ என்று அப்புறம் தோன்றியது. மெக்சிகோவில் அதற்குத் தேனீ இருந்தது, இந்தத் தீவுகளில் இல்லை. 1841இல் பக்கத்து ரீயூனியனில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைப் பையன் கையாலேயே மகரந்தம் சேர்க்க வழி கண்டுபிடித்தான். மடகாஸ்கரில் இன்றும் ஒவ்வொரு பூவுக்கும், அது விரிகிற அந்த ஒரே காலைக்குள், அதே கைவேலைதான். அல்பியஸ் ஏழையாகவே செத்தான். ஆனால் சரித்திரத்தைத் துணைக்கு இழுத்தால் என் முடிவு யாருடைய முடிவும் இல்லை என்றாகிவிடும். கூடையைத் தள்ளியது நான்தான்.

பெரியவர் படி இறங்குவதற்குள் ஒரு தரகர் மொத்தத்தையும் வாங்கிவிட்டார், எங்கள் விலையைவிடக் குறைத்து.

காய் முற்றும்வரை காவலுக்கு ஆள் போட விவசாயிகளுக்கு முன்பணம் கொடுக்கலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த பருவத்தில் சில கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். பெரியவரின் ஊர் பட்டியலில் இல்லை. ஏன் என்று கேட்டதற்குக் கொள்முதல் ஏட்டைக் காட்டினார்கள்: "முற்றாத காய், தரம் குறைவு." எழுதியிருந்தது பொய்யில்லை. என் கையெழுத்துதான்.