சப்டைட்டில் வேலையில் ஓரசைச் சொற்கள்

பிரித்தானியக் குற்றத் தொடர்களுக்கும் பழைய காலத்தைச் சித்திரிக்கும் நாடகங்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதுவது பல ஆண்டுகளாக என் தொழில். புதிதாகச் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் நீதிமன்றக் காட்சிகளைக் கண்டுதான் தயங்குகிறார்கள். உண்மையில் நீளமான சட்டச் சொற்கள் நம்மை அதிகம் படுத்துவதில்லை. அகராதியைத் திறந்தால் ஒன்றிரண்டு பொருளோடு முடிந்துவிடும். நேரத்தை விழுங்குபவை ஓரசைச் சொற்களே. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் ‘செட்’. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ என்னும் வினைச்சொல் 645 பொருள்களோடு அதை முந்திக்கொண்டது. இரண்டுமே மூன்றெழுத்துச் சொற்கள்.

லண்டன் காவலர்களைப் பற்றிய தொடர் எதை எடுத்தாலும் ‘நிக்’ வந்துவிடும். அடிப்படையில் அது சிறு வெட்டைக் குறிக்கும் சொல். பேச்சுவழக்கிலோ திருடுவதும் ‘நிக்’, திருடியவனைக் கைதுசெய்வதும் ‘நிக்’, அவனைக் கொண்டுபோய் வைக்கும் காவல் நிலையமும் ‘நிக்’. களவுபோன வண்டி சேதமில்லாமல் திரும்பக் கிடைத்தால், அது ‘நல்ல நிக்’கில் இருக்கிறது என்பார்கள். இவற்றில் மூன்று பொருள்கள் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வந்த இடமும் உண்டு. திருட்டுக்குத் தமிழில் முதலில் நாவில் வருவது ‘சுட்டுட்டான்’ என்பதுதான். ஆனால் துப்பாக்கி புழங்கும் கதையில் அதைப் போட்டால், யாரோ சுடப்பட்டதாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே எனக்குக் கைகொடுத்தது ‘அமுக்கு’. ‘பணத்தை அமுக்கிட்டான்’ என்றால் திருட்டு. ‘போலீஸ் ஆளை அமுக்கிடுச்சு’ என்றால் கைது. திருடனும் காவலரும் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எறிந்துகொள்ளும் சுவை கெடாமல் தமிழிலும் நின்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. காவல் நிலையத்தை ‘ஸ்டேஷன்’ என்றே எழுதினேன். அதே பேச்சில் சிறை வரும்போது ‘மாமியார் வீடு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அது அந்த லண்டன்காரனை நம் ஊர் நகைச்சுவைக் காட்சிக்குள் இழுத்து வந்துவிடும் என்பதால் ‘உள்ளே போயிட்டான்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘நார்க்’ வேறு வகைச் சிக்கல். பிரித்தானியக் கொச்சையில் அது காவலர்களுக்குத் துப்புக் கொடுப்பவனைக் குறிக்கும். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நாடோடி வழியினரான ரோமா மக்களின் மொழியில் மூக்கைக் குறிக்கும் ‘நாக்’ என்பதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இந்தியிலும் மூக்குக்கு அதே சொல்தான். காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும் அமெரிக்க ‘நார்க்’, போதைப்பொருளைக் குறிக்கும் நீண்ட சொல்லின் சுருக்கம். பெரும்பாலும் மாறுவேடத்தில் கும்பலுக்குள் நுழையும் அதிகாரியையே சுட்டும். முதலாமவன் ‘ஆள்காட்டி’, இரண்டாமவர் போலீஸ்காரர். அமெரிக்கப் பாத்திரமும் லண்டன் பாத்திரமும் சேர்ந்து வரும் தொடரில், வசனத்தைப் பேசுவது யார் என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

பழைய நாடகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மீட்’. சந்திப்பதும் ‘மீட்’, இறைச்சியும் ‘மீட்’, தண்டனையை அளந்து கொடுப்பதும் ‘மீட்’. இவை போதாவென்று, வழிபாட்டுக் காட்சிகளில் ‘தகுதியானது’ என்னும் பழம்பொருளிலும் ஒரு ‘மீட்’ வரும். இவற்றுள் இறைச்சியைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு காலத்தில் பொதுவாக ‘உணவு’ என்றுதான் பொருள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் ‘மீட்’ காணிக்கை என்று வருவது மாவும் எண்ணெயும் சேர்த்துப் படைப்பது. இறைச்சிக்கு அங்கே வேலையே இல்லை. தமிழ்ப் பைபிள் அதைப் ‘போஜனபலி’ என்று துல்லியமாகச் சொல்லியிருப்பதால், போதகர் பேசும் காட்சிகளில் நான் முதலில் அதைத்தான் புரட்டுகிறேன். ஆங்கிலச் சொல் சில நூற்றாண்டுகளில் நடந்து கடந்த தொலைவு, நம்மிடம் ‘ஊண்’ என்பதற்கும் ‘ஊன்’ என்பதற்கும் இடையில் ஓர் எழுத்தளவில் இருக்கிறது.

‘லெட்’ என்பதும் இப்படிப்பட்டதே. பழைய ஆங்கிலத்தில் ‘அனுமதி’, ‘தடு’ என்னும் எதிரெதிர்ப் பொருள்களுக்குத் தனித்தனியாக இருந்த இரு வினைகள் ஒலித் தேய்மானத்தில் ஒன்றாகிவிட்டன. தடுப்பதைக் குறித்த வினை வழக்கொழிந்துவிட்டாலும், ‘தடையோ இடையூறோ இன்றி’ என்னும் தொடரில் அது பெயர்ச்சொல்லாக நம் இந்தியப் பாஸ்போர்ட்டின் ஆங்கில வாசகத்திலேயே இன்னும் வாழ்கிறது.

இப்போதெல்லாம் இயந்திரம் மொழிபெயர்த்த வரைவைத் திருத்தித் தரும் வேலையே அதிகம் வருகிறது. நீண்ட வாக்கியங்களை அது ஓரளவு ஒழுங்காகவே தந்துவிடுகிறது. ‘நிக்’ வந்த இடத்தில் மட்டும் அதை ஓர் ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு, கதையில் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அத்தகைய வரிகளை அழித்துவிட்டு, காட்சியை ஒலியோடு முதலிலிருந்து ஓடவிட்டு, விலங்கு யார் கையில் விழுகிறது என்று பார்த்த பிறகே எழுதுகிறேன்.