குழலில் நான் எந்த நிலையில் இருக்கிறேன்?

புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால், சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே கேட்பது "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்பதுதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடத்தின் பெயரே அளவுகோல். வாய்ப்பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். பாட வருகிறவருக்குக் குரல் ஏற்கெனவே இருக்கிறது. குழலில் ஒலியையே நாம்தான் உண்டாக்க வேண்டும். அதனால் வர்ணத்துக்குப் போய்விட்டவரின் ஷட்ஜம் (ஆதார ஸ்வரமான ஸ) நடுங்குவதும், அலங்காரத்தில் நிற்பவரின் ஷட்ஜம் கம்பீரமாக ஒலிப்பதும் சகஜம். எங்கள் வகுப்பிலேயே இரண்டு ரகமும் உண்டு. நான் கீதத்தில் இருக்கிறேன். ஆனால் அதை வைத்து என்னை மதிப்பிடுவதை விட்டுவிட்டு, வேறு சில சோதனைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் குழல் 5 கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு), எட்டுத் துளை கொண்ட கர்நாடகக் குழல். மேலிருந்து முதல் இரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம். தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் அதை நீட்டி ஊதுவதுதான் முதல் சோதனை. ஆரம்பத்தில் நொடிக்கணக்கு பார்த்தேன். அதில் பயன் உண்டு. உதட்டு இடைவெளி பெரிதாக இருந்தால் காற்று வீணாகிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். நொடி கூடுகிறது என்றால் இடைவெளி ஒழுங்காகி வருகிறது என்று அர்த்தம். ஆனால் ஓரளவு நீளம் வந்த பிறகு அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது மூச்சின் கடைசிப் பகுதியை. காற்றின் வேகம் குறையும்போது சுருதியும் தானாக இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க உதடு இன்னும் கொஞ்சம் ஒடுங்க வேண்டும். அந்தக் கடைசி சில நொடிகளில் ஸ்வரம் தொங்காமல் நிற்கிறதா? எனக்கு இப்போது ஷட்ஜத்தில் நிற்கிறது. மந்தர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயியின் ப-வில், இன்னும் தொங்குகிறது.

அடுத்தது டியூனர். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒன்று போதும். ஒரு அரை ஸ்வர இடைவெளியை 100 சென்ட்டாகப் பிரித்து, எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று முள் காட்டும். எடுத்த எடுப்பில் இதைப் பார்க்கக் கூடாது. மூங்கிலுக்குள் இருக்கும் காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். மார்கழிக் காலையில் முதல் சில நிமிடங்கள் எல்லாமே தாழ்ந்துதான் கேட்கும். சூடேறிய பிறகு பார்த்தால் ஷட்ஜம், பஞ்சமம் இரண்டுக்கும் முள் நல்ல நண்பன்.

காந்தாரத்தில்தான் வேடிக்கை. மாயாமாளவகௌளை ராகத்தின் அந்தர காந்தாரத்தை (உயர்ந்த க) தம்பூராவோடு ஒட்ட வைத்து ஊதினால், முள் பத்துப் பதினைந்து சென்ட் குறைவு என்கிறது. முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் தம்பூராவோடு உரசுகிறது. குழல் சொல்லித்தரும் சாரிடம் கேட்டேன். "தம்பூராவை நம்புங்க, அந்தப் பெட்டி ஹார்மோனியத்துக்குச் செஞ்சது" என்றார். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டியூனர் ஸ்தாயியை (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டு சமக் கூறுகளாக வெட்டுவதால் அந்தர காந்தாரம் அதற்கு ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்பூராவின் ஷட்ஜத் தந்தியில் மேலொலியாகத் தானே எழும் காந்தாரம் 5/4 விகிதத்தில் அமைந்தது. அது சுமார் 386 சென்ட். அந்த 14 சென்ட் வித்தியாசம் என் காதுக்கே தெரிய ஆரம்பித்தது, பாட எண்ணிக்கை எதுவும் சொல்லாத ஒரு முன்னேற்றம். இன்னொன்று, கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வந்துவிட்டால் முள் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். அங்கே டியூனருக்கு வேலையே இல்லை.

மேல் ஷட்ஜத்துக்கும் நடு ஸ்தாயி ஷட்ஜத்துக்கும் விரல் ஒன்றுதான், ஊதுவதில்தான் வேறுபாடு. ஓங்கி ஊதினால் யாருக்கும் மேல் ஷட்ஜம் வரும், கூடவே பக்கத்து வீட்டு நாயும் வரும். சத்தத்தைக் கூட்டாமல், உதட்டை மட்டும் ஒடுக்கி அங்கே போக முடிகிறதா என்பது மூன்றாவது சோதனை. இப்போதைக்கு நல்ல நாளில் வரும், மற்ற நாளில் வராது.

விரலுக்கான சோதனையைக் காலத்தில், அதாவது வாசிக்கும் வேகத்தில், வைத்தேன். மாயாமாளவகௌளை குரலுக்கு எளிய ராகம் என்று முதலில் வைக்கிறார்கள், குழலுக்கு அப்படியில்லை. அதில் வரும் சுத்த ரிஷபத்துக்கும் (தாழ்ந்த ரி) சுத்த தைவதத்துக்கும் (தாழ்ந்த த) துளையைப் பாதி மூட வேண்டும். முதல் காலத்தில் விரலை நகர்த்திச் சரிசெய்துகொள்ள அவகாசம் இருக்கிறது. மூன்றாம் காலத்தில் விரல் போய் விழும் இடம்தான் ஸ்வரம். ஒரே வரிசையை இரண்டு காலத்திலும் ஒலிப்பதிவு செய்து, ரிஷபத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல, வேகத்தில் என் ரிஷபம் அடுத்த உயர்ந்த ரிஷபமான சதுச்ருதிப் பக்கம் ஏறிப்போகிறது. பதிவு இல்லாமல் இது தெரிந்திருக்காது, வாசிக்கிறபோது மனசு தானே திருத்திக் கேட்டுக்கொள்கிறது. காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும் இடமும் இப்படித்தான். காந்தாரத்தில் துளைகள் திறந்திருக்கும், மத்யமத்துக்குப் பல விரல்கள் ஒன்றாக விழ வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் நடுவில் ஒரு கள்ள ஸ்வரம் எட்டிப் பார்க்கும். ஜண்டை வரிசையில் இரட்டை ஸ்வரங்களைத் துத்துகாரத்தால் (நாக்கால் து-து என்று காற்றை வெட்டி) பிரித்தால் சுலபம், விரல் தட்டிப் பிரிப்பதில்தான் சுகம். விரல் தட்டுவது எனக்கு இரண்டாம் காலம் வரைதான் வருகிறது.

தேர்வு எழுதினால் நிலை தெரியுமே என்றார் ஒரு நண்பர். மேலைக் குழலுக்கு டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வு அமைப்புகள் எட்டு கிரேடு வைத்திருக்கின்றன. ஆகாசவாணி ஆடிஷனில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று கலைஞர்களைத் தரம் பிரிக்கிறார்கள். மேடைக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். அலுவலகம் முடிந்து வந்து ஊதுகிற என் போன்றவர்களுக்கு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட பாடத்தை ஒப்பிப்பதைவிட, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் என்ன வருகிறது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் நோட்டில் நல்ல நாள் பதிவுகளை எழுதுவதை நிறுத்திவிட்டேன். உதடு காய்ந்து, களைத்துப்போய், மனசு எங்கோ இருக்கும் நாளில் எது தவறாமல் வருகிறதோ அதுதான் என் நிலை. அந்தக் கணக்குப்படி நான் இன்னும் அலங்காரத்தில்தான் இருக்கிறேன், கீதம் விருந்தாளி.

ஒரு எச்சரிக்கை. புல்லாங்குழல் மேதை மாலியையும் (1926–1986) அவருடைய சிஷ்யர் ரமணியையும் (1934–2015) தொடர்ந்து கேட்க ஆரம்பித்த பிறகு, என் வாசிப்பு மோசமாகிவிட்டது போலத் தோன்றியது. குரலின் அசைவுகளைக் குழலில் கொண்டுவந்தவர் மாலி. அதைக் கேட்ட காதோடு நம் சரளி வரிசையைக் கேட்டால் கூசத்தான் செய்யும். அப்போது உதவியது பழைய ஒலிப்பதிவு. முதல் மாதப் பதிவில் பாதி காற்றுச் சத்தம், மீதி ஸ்வரம். இப்போது காற்றுச் சத்தம் மந்தரத்தில் மட்டும்தான் மிச்சம். விரலைவிடக் காது வேகமாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2½ கட்டைக் குழல் ஒன்று வாங்கலாம் என்று ஆசை. அதன் நாதமே தனி. துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் அரைத்துளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். "மூணாம் காலத்துல ரிஷபம் நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார் சார். விலை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.