ஓட்டத்துக்கும் ஓர் ஐந்தொகை

டிசம்பர் 16, 2025, செவ்வாய் (மார்கழி 1)

நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்குப் பாதித் தெரு வாசல் தெளித்து முடித்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு ஆண்டிலேயே நல்ல மாதம் இதுதான். மழை ஓய்ந்துவரும், வேர்வை குறையும், சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும். ஓட ஆசைப்பட்டும் இருட்டுக்குத் தயங்கும் பெண்கள் தொடங்குவதற்கு இதைவிடத் தோதான மாதம் கிடையாது. எல்லா வாசலிலும் விளக்கு, எல்லா வாசலிலும் ஆள். தெருவின் நடுவில் ஓடுங்கள். கோலத்தை மிதிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். சாணித் தண்ணீர் பட்ட சிமெண்டில் ஷூ பிடிக்காது என்பது இன்னொன்று.

புத்தாண்டுத் தீர்மானம் எழுதக் கை பரபரக்கும் நேரம். ஆனால் இந்த ஊர் வழக்கப்படி முதலில் ஐந்தொகை பார்க்க வேண்டும். பழைய பேரேட்டை முடிக்காமல் புதுக் கணக்கு திறப்பதில்லை. என்ன வந்தது, என்ன போனது, யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதை ஓடுகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. இந்த முறை அதையும் சேர்த்து எழுதலாம்.

டிசம்பர் 18, வியாழன்

ஓட்டக் குறிப்பேட்டில் வேண்டிய பத்திகள் ஆறு: தேதி, எத்தனை நிமிடம், எத்தனை கி.மீ., கடுமை (1 முதல் 10 வரை), தூக்கம், வலி. போனில் இருக்கும் ஆப் முதல் மூன்றைத் தானே எழுதிக்கொள்ளும். ஆண்டு முடிவில் உதவுவது மற்ற மூன்றும்தான்.

நிமிடத்தைக் கடுமையால் பெருக்கினால் அன்றைய சுமை வரும். 50 நிமிடம் மெதுவாக, கடுமை 4 என்றால் 200. 30 நிமிடம் வேக ஓட்டம், கடுமை 8 என்றால் 240. கி.மீ. மட்டும் பார்த்தால் இரண்டாவது நாள் சின்ன நாளாகத் தெரியும், உடம்புக்கு அப்படியில்லை. வாரத் தொகையை 52 வரியாக எழுதி, எங்கே திடீரென்று ஏறுகிறது என்று பாருங்கள். வலிப் பத்தியில் எழுத்து தொடங்குவது அநேகமாக அதற்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் இருக்கும்.

ஆண்டின் மொத்தக் கி.மீ.க்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. மூன்று நாளுக்குக் குறையாமல் ஓடிய வாரங்கள் எத்தனை என்பதே முக்கியம். வெற்று வாரங்களுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். செட்டிநாட்டில் அவை சிதறிக் கிடக்காது: சித்திரை, வைகாசி வெயில், ஐப்பசி, கார்த்திகை மழை, பிறகு ஆவணியும் தையும், கல்யாணப் பந்திகள். அடுத்த ஆண்டும் இவை இதே இடத்தில்தான் வரும்.

முன்னேற்றம் அறிய ஒரு சோதனை போதும். அதே சாலை, அதே நேரம், அதே நாடித்துடிப்பு. நிமிடத்துக்கு 140 துடிப்பில் ஜனவரியில் ஒரு கி.மீ.க்கு 7:10 ஆகி, டிசம்பரில் 6:40 ஆனால் அது முழு வரவு. வெயில் மாதமான மே ஓட்டத்தோடு ஒப்பிட மட்டும் வேண்டாம். வாட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை: மணிக்கட்டுச் சென்சார் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். மெதுவாக ஓடும்போதே 165, 170 என்று காட்டி, வாய் நிறையப் பேசவும் முடிகிறது என்றால் வாட்ச்தான் தப்பு. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

டிசம்பர் 21, ஞாயிறு

லாங் ரன் நாள், வாரத்தின் நீண்ட ஓட்டம். குன்றக்குடி சாலையில் போய்வந்தால் இருபது கி.மீ. சுலபமாகக் கணக்காகும். சாலை நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்தது. வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுவதே பாதுகாப்பு, ஆனால் அப்போது வலது கால் எப்போதும் தாழ்வான பக்கம் விழும். ஒரே பக்க இடுப்பிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் வலி வருகிறவர்கள் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். வாரத்தின் மற்ற நாள்களைக் கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் அகலமான உள்தெருக்களில் வைத்துக்கொண்டால் சமன் ஆகும். தெருவுக்குத் தெரு நேர்கோடு, நடுவில் ஓட இடம், வண்டி குறைவு. அந்தத் தெருக்களை அளந்து போட்டவர்களுக்கு நன்றி.

குடிப்பதற்குப் பானகமே போதும். அளவுதான் முக்கியம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வெல்லம் 60 கிராம், உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, சுக்கு ஒரு சிட்டிகை. வெல்லம் கரைந்ததும் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் மண்ணும் நாரும் பாட்டில் வாயை அடைக்கும். கோயில் பானகத்தின் தித்திப்பு நாக்குக்குச் சரி, ஓட்டத்துக்கு ஆகாது. சர்க்கரை நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். வயிற்றில் குலுங்குவதும் குமட்டுவதும் அதனால்தான். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். முந்தின இரவு கரைத்து வைத்தால் வெயில் காலத்தில் புளித்துவிடும். இளநீரை முடித்த பிறகு குடிக்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்; வேர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்.

உங்கள் வேர்வை எவ்வளவு என்று அளக்கத் தராசு போதும். ஓடுமுன் 68.0 கிலோ, ஒரு மணி ஓடியபின் 67.1, நடுவில் குடித்தது 300 மி.லி. என்றால் வேர்வை 1.2 லிட்டர். அத்தனையையும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. இழப்பு உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்குள் நின்றால் போதும். எடை கூடியிருந்தால்தான் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும்.

முந்தின இரவு மிளகுக் கோழிக்கு விடுமுறை. கவுனி அரிசி இரண்டு நாள் முன்னதாக இருக்கட்டும், நார் அதிகம். காலையில் ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது முக்கால் மணி முன்பு வாழைப்பழம். இத்தனை பதார்த்தம் உள்ள ஊரில் ஓட்டத்துக்கு இட்லிதான் என்பது கொஞ்சம் வருத்தமான செய்தி.

டிசம்பர் 23, செவ்வாய்

ஷூ. ஒரு ஜோடிக்கு 500 முதல் 800 கி.மீ. செம்மண் ஏறி மேல்துணி பழையதாகத் தெரிவது ஆயுளைச் சொல்லாது. பக்கவாட்டு நுரையில் குறுக்குச் சுருக்கம் விழுந்து, அழுத்தினால் மீளவில்லை என்றால் மாற்றும் நேரம். நனைந்ததை வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். உள்தகட்டை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொருமுறை தாளை மாற்றுங்கள்.

டிசம்பர் 26, வெள்ளி

வலிப் பத்தியை இன்று பார்த்தாகிவிட்டது. இரண்டு வலிகள் எல்லோர் ஏட்டிலும் இருக்கும்.

குதிகால்: காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது பாதத்தின் அடித்தசைநார். திண்ணைப் படி இதற்கு நல்ல மருந்து. ஒரு துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் கொடுத்து, முன்பாதத்தைப் படி விளிம்பில் வைத்து, குதிகால் வெளியே தொங்க ஒற்றைக் காலில் நிற்கவும். தூணைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று நொடி ஏறி, இரண்டு நொடி நின்று, மூன்று நொடி இறங்க வேண்டும். 12 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்று மாதம் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

முன்னங்கால் எலும்பு: உள் ஓரம் நெடுக விரலளவுக்கு மேல் வலித்தால் சுமை கூடிப்போனது, குறைத்தால் ஆறும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ள வைக்கும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி, இரவிலும் வலி என்றால் எலும்பில் கீறலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், படம் சுத்தமாக இருக்கிறதே என்று ஓடிவிடக் கூடாது.

டிசம்பர் 28, ஞாயிறு

கொடுக்க வேண்டியவர்கள்.

முதலில் விடியுமுன் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்கள். கண்ணாடித் துண்டில்லாத சாலை அவர்கள் வேலை. திருப்பிக் கொடுக்க வழி எளிது: பாட்டிலையும் பழத்தோலையும் கையோடு கொண்டுவருவது. அடுத்து, இருட்டிலேயே அடுப்பு மூட்டும் டீக்கடைகள். நெஞ்சு படபடத்தால் உட்கார பெஞ்சும், நாய் துரத்தினால் அதட்ட ஒரு குரலும் அங்கே உண்டு. நாய் வந்தால் நின்று, முதுகு காட்டாமல், கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடப்பதுதான் முறை. பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி.

ஊருணி வெட்டி வைத்தவர்கள். தண்ணீருக்காக வெட்டியதுதான், ஆனால் கரை நமக்குச் சுற்றுப்பாதை. சிறிய வளைவுகளில் ஜிபிஎஸ் சறுக்கும். சைக்கிள் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி வைத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறது என்று டேப்பால் அளந்துகொண்டு, கரை முழுக்கத் தள்ளிக்கொண்டே எண்ணுங்கள். சுற்று 2.07 மீட்டர் என்றால் 200 சுற்றுக்கு 414 மீட்டர். அப்புறம் வேகப் பயிற்சிக்கு மைதானம் தேட வேண்டாம்.

மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த காரைக்குடிக் கல்விக் கொடையாளர் அழகப்பச் செட்டியாருக்கும் இந்தப் பத்தியில் இடமுண்டு. கல்லூரிச் சாலைப் பக்கத்து மர நிழலில் ஓடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்து, பிறகு பாலினச் சோதனையின் பேரில் பதக்கத்தை இழந்த சாந்தி சௌந்தரராஜனும், 2017 புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற லட்சுமணனும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். இதே வெயில், இதே செம்மண்.

வெயிலுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றால் சிரிப்பீர்கள். மெதுவான ஓட்டமாக 10 முதல் 14 நாள் வெப்பத்தில் பழகினால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், அதே வேகத்தில் துடிப்பு குறையும். விட்டால் சில வாரங்களில் போய்விடும். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில் மட்டும் நேரக்கணக்கு பார்க்காமல் மூச்சுக்கணக்கில் ஓடுங்கள். கூட ஓடுபவர் பேச்சுக் குழறித் தள்ளாடினால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது போதாது. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். குளிர்விப்பது முதலில், வண்டி ஏற்றுவது பிறகு.

ஜனவரி 1, 2026, வியாழன்

இப்போது புது ஏடு. இலக்கை நேரமாக எழுதாமல் வேலையாக எழுதுவது நல்லது. ‘இரண்டு மணி நேரத்துக்குள் ஹாஃப் மாரத்தான்’ என்பது பந்தய நாளின் வெயிலையும் தூக்கத்தையும் பொறுத்தது. ‘வாரம் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் திண்ணைப் படியில் குதிகால் பயிற்சி’ என்பது நம் கையில் உள்ளது. நேரம் எவ்வளவு வரும் என்று அறிய ஒரு கணக்கு இருக்கிறது: 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் 21.1 கி.மீ. நேரம் கிட்டத்தட்ட வரும். 60 நிமிடக்காரருக்கு 2 மணி 12 நிமிடம். லாங் ரன்களைச் செய்திருந்தால் மட்டும்.

காலண்டரை நம் ஊருக்குத் தக்கபடி போடுங்கள். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வரும். 16 வாரப் பயிற்சிக்குப் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டும். நீளமான லாங் ரன்கள் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். எனவே ஆகஸ்டிலேயே தொடங்கி இரண்டு மூன்று வாரத்தை மழைக்கென்று ஒதுக்குவதே கெட்டிக்காரத்தனம். லாங் ரன் ஒவ்வொரு முறையும் இரண்டு கி.மீ.க்கு மேல் ஏற வேண்டாம், நாலாவது வாரம் மொத்தத்தில் கால் பங்கு குறையட்டும். ஏப்ரல், மே இரண்டிலும் பழைய சுமையில் பாதியைக் காப்பாற்றினாலே லாபம்.

ஜனவரி 17, சனி

சிறாவயல் மஞ்சுவிரட்டு. திருப்பத்தூர் சாலைப் பக்கம் இன்று ஓட்டம் வேண்டாம், வயல் வழியே குறுக்கே போகவே வேண்டாம். அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு ஓடுகிற ஆள் யார் என்று தெரியாது. பொங்கலில் சாப்பிட்டதை ஓடிக் கரைக்கிறேன் என்று இரட்டிப்புத் தூரம் போகிறவர்களுக்கு டிசம்பர் 18 குறிப்பு.

ஜனவரி 24, சனி

தைப்பூசம் பிப்ரவரி 1. குன்றக்குடி சாலையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். வெறுங்காலில், காவடி தோளில், பக்கத்தில் வண்டியில் சாமான். தூரத்தை நாள்கணக்கில் நடந்து தீர்க்கிற இவர்களுக்கு முன்னால் வேகம் பற்றிப் பேச வாய் வராது. சாலை அவர்களுடையது, நாம் ஒதுங்கி நடப்போம்.

கொப்புளம் அவர்களுக்கும் நமக்கும் பொது. ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால்தான் எழும். ஒன்றைத் தடுத்தாலும் போதும். பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் கலந்தது நல்லது. கிளம்புமுன் விரலிடுக்கில் வாசலின். சிறிய கொப்புளத்தைத் தொட வேண்டாம். பெரிதாகி நடக்க விடாவிட்டால் ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, மேல்தோலை உரிக்காமல் ஒட்டுத்துணி போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாமே குத்தக் கூடாது. அவர்கள் மருத்துவ முகாமுக்கோ மருத்துவமனைக்கோதான் போக வேண்டும்.

கூட்டம் கடக்கும்வரை நாளை லாங் ரன் கானாடுகாத்தான் பக்கம். ஐந்து மணிக்குத் தொடக்கம், முதுகில் ஒளிரும் பட்டை, ஆளுக்கு அரை லிட்டர் பானகம்.