மார்பகச் சீரமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த கதை

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேரம் வேலை பார்க்கும் எனக்கு, இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியானபோது வயது 44. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகத்தையே நீக்கினாலும் ஆயுளில் வேறுபாடில்லை என்பதை, 20 ஆண்டுகள் கண்காணித்த அமெரிக்க, இத்தாலிய ஆய்வுகள் 2002-இலேயே காட்டிவிட்டதாக மருத்துவர் விளக்கியதால், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றே நம்பியிருந்தேன். ஆனால் எம்ஆர்ஐ ஸ்கேனில் அதே மார்பகத்தின் வேறொரு பகுதியிலும் கட்டி தெரிந்ததால், முழு நீக்கமே பாதுகாப்பானது என்றாகிவிட்டது.

அதன் பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. நீக்கும்போதே மார்பக வடிவை மீண்டும் உருவாக்கிச் சீரமைத்துக்கொண்டால் ஒரே மயக்க மருந்து, ஒரே விடுப்பு என்று என் கணக்குப் புத்தி சொன்னது. மார்புக்குள் பொருத்தும் சிலிக்கோன் இம்ப்ளாண்ட் என்றால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பில் இணைக்கும் முறையில் அறுவை மட்டுமே பல மணி நேரம் நீளும். வயிற்றிலும் ஒரு தையல் ஆற வேண்டும். “இந்த வயதில் இதெல்லாம் எதற்கம்மா?” என்று மாமியார் கேட்டார். அவர் அன்பினால்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் நான் மட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

என் முடிவை மாற்றியது அழகோ செலவோ அன்று, சிகிச்சையின் வரிசைதான். அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால் நெஞ்சுப் பகுதிக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். கதிர்வீச்சு பட்ட இம்ப்ளாண்ட்டைச் சுற்றித் திசு இறுகி, வலியும் கோணலும் ஏற்படும் வாய்ப்பு கூடும். வயிற்றுத் திசுவும் சுருங்கக்கூடும். கணுக்களின் நிலையோ, அறுவைக்குப் பின், எடுத்த திசுவைச் சோதித்து வரும் நோயியல் அறிக்கையில்தான் முழுமையாகத் தெரியும். தெரியாத ஒன்றை நம்பிப் பெரிய அறுவைக்கு உடன்படுவதைவிட, முதலில் நீக்கிக்கொண்டு, சீரமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அறிக்கையில் கணுக்களிலும் நோய் இருப்பதாகவே வந்தது.

அலுவலகத்தில் மேலாளரிடமும் மனிதவளத் துறையிடமும் மட்டும் உண்மையைச் சொன்னேன். மருத்துவ விடுப்பும் ஈட்டிய விடுப்பும் அறுவைக்கும், புண்ணின் நீரை வெளியேற்றும் வடிகுழாயோடு வீட்டில் இருந்த நாட்களுக்கும் சரியாகப் போயின. (இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வரும் ஊழியர்களில் தகுதிக் காலம் நிறைந்தவர்களுக்குப் புற்றுநோய்க்காக 2 ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 சதவீதம் கிடைக்கும், என் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.) கீமோவை வெள்ளிக்கிழமைகளில் வைத்துக்கொண்டதால் மிகவும் சோர்ந்து கிடக்கும் நாட்கள் பெரும்பாலும் வார இறுதியில் விழுந்தன. கதிர்வீச்சு வாரம் 5 நாள் வீதம் 3 வாரங்கள். காலையில் அதை முடித்துக்கொண்டு தாமதமாக வேலைக்குப் போக அனுமதி கேட்டுப் பெற்றேன்.

காப்பீட்டில்தான் எரிச்சல் மிஞ்சியது. சீரமைப்புக்கு ஆகும் செலவு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டபோது, அது அழகு சிகிச்சை என்று தொலைபேசியில் கைவிரித்துவிட்டார்கள். பாலிசியை எடுத்துப் படித்தேன். பிளாஸ்டிக் அறுவையை விலக்கும் அதே பிரிவில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு என்று தெளிவாக இருந்தது; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம் அது. அந்த வரியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகே, செலவு ஏற்கப்படும் என்று எழுத்தில் பதில் வந்தது.

கதிர்வீச்சு முடிந்து தோல் தேற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர். கதிர்வீச்சு பட்ட இடத்தில் இம்ப்ளாண்ட் எனக்கு வேண்டாம் என்பதால், வயிற்றுத் திசு முறையையே தேர்ந்திருக்கிறேன். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் மார்பகத்தோடு இப்போது அலுவலகம் போய் வருகிறேன். வெயில் காலத்தில் அது வியர்த்துக் கொட்டவைக்கும். ஆண்டுக் கணக்கு முடிப்பும் தணிக்கையும் ஓய்ந்த பிறகு தொடங்கும்படி, நீண்ட விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.